பதினாறு முழம்

கெய்ரோ நகரத்துக்குள் நைல் நதி இரண்டாகப் பிரிந்து ரோடா என்ற தீவைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தத் தீவின் தெற்கு முனையில், பாடகி உம் குல்சூமின் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், கூம்புக் கூரை போட்ட சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோரும் பிரமிடுக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே நுழைந்தால் தரையில் ஆழமான கிணறு. சுவரை ஒட்டிக் கல்படிகள் இறங்குகின்றன. நடுவில் எட்டுப் பட்டைப் பளிங்குத் தூண் ஒன்று, 19 முழ உயரத்துக்குக் கோடு போட்டு நிற்கிறது. முழத்துக்கு 24 விரல். இதன் பெயர் மிக்யாஸ். நைல் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதற்காக, அப்பாசியக் கலீஃபா அல்-முதவக்கில் கி.பி. 861இல் கட்டுவித்த நீர்மானி.

பொதுப்பணித்துறையில் இருந்த காலமெல்லாம் நான் பார்த்த வேலை, ஆற்றுநீரின் மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது. அதனால் என் கண் முதலில் போனது தூணின் அழகுக்கு அல்ல, சுவரில் வேறு வேறு உயரத்தில் இருக்கும் மூன்று துளைகளுக்கு. ஆற்றிலிருந்து சுரங்கவழியாகத் தண்ணீரைக் கிணற்றுக்குள் கொண்டுவந்தவை அவை. இப்போது அடைத்துவிட்டார்கள். ஆற்றிலேயே கம்பத்தை நட்டால் அலையிலும் சுழலிலும் மட்டம் குதித்துக்கொண்டே இருக்கும், ஒரு விரல் சுத்தமாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் கிணறு வெட்டி, கீழே வழி விட்டால், கிணற்றுத் தண்ணீர் ஆற்றின் மட்டத்துக்கே நிற்கும், ஆனால் ஆடாது. எங்கள் துறையில் இதற்கு ஸ்டில்லிங் வெல் என்று பெயர். இன்றும் உலகமெங்கும் ஆற்று அளவீட்டு நிலையங்களில் இருப்பது இதே ஏற்பாடுதான். இதை அமைத்தவர் என்று வானியல் அறிஞர் அல்-ஃபர்கானியின் பெயரைச் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும், தண்ணீரின் குணம் தெரிந்தவர்.

ஒரு விரல் சுத்தமாக ஏன் தெரியவேண்டும்? எகிப்தில் மழை இல்லையென்றே சொல்லலாம். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடைமழையின் வெள்ளம் ஜூன் கடைசியில் எகிப்துக்கு வந்து ஏற ஆரம்பிக்கும், செப்டம்பரில் உச்சத்தைத் தொடும், பிறகு வடியும். ஆற்றின் இரு கரையிலும் நிலத்தைப் பெரிய பெரிய பாத்திகளாகக் கரை போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். வெள்ளத்தை அவற்றில் விட்டு, நாற்பது நாளுக்கு மேல் தேக்கி, மண் ஊறியபின் வடித்து, வண்டல் ஈரத்திலேயே கோதுமையும் வாற்கோதுமையும் அவரையும் ஆளியும் விதைத்தார்கள். வெள்ளம் இரண்டு முழம் குறைந்தால் மேட்டுப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏறாது. இரண்டு முழம் கூடினால் கரை உடைந்து ஊர் போகும். ரோமானிய எழுத்தாளர் பிளினி இதற்கு ஒரு படிக்கணக்கே கொடுக்கிறார்: 12 முழம் என்றால் பஞ்சம், 13இல் பசி, 14இல் முகமலர்ச்சி, 15இல் நிம்மதி, 16இல் கொண்டாட்டம். வத்திக்கானில் இருக்கும் நைல் தேவனின் ரோமானியச் சிலைமேல் 16 குழந்தைகள் ஏறி விளையாடுகின்றன. முழத்துக்கு ஒரு குழந்தை.

அளப்பது அரபியர் தொடங்கியதும் அல்ல, ரோமானியர் தொடங்கியதும் அல்ல. பலேர்மோ கல் என்று அழைக்கப்படும் கருங்கல் துண்டில், எகிப்தின் முதல் அரச வம்சங்களின் காலத்திலிருந்து ஆண்டுவாரியாக வெள்ளத்தின் உயரம் முழம், உள்ளங்கை, விரல் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசன் என்ன செய்தான் என்ற குறிப்புக்குக் கீழேயே ஆறு எவ்வளவு ஏறியது என்ற குறிப்பு. ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய பதிவேடு அது. அஸ்வானுக்கு எதிரே எலிஃபன்டைன் தீவிலும், எட்ஃபு கோயிலிலும் ஆற்றுக்கு இறங்கும் அளவுப் படிகளை இன்றும் பார்க்கலாம். கோயிலுக்குள் இருந்ததால் அளவு பூசாரிகள் கையில் இருந்தது. எவ்வளவு விளையும், எவ்வளவு வரி கேட்கலாம் என்பது ஊருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த எண் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள ஹெகனக்த் எழுதிய கடிதங்களைப் படிக்கவேண்டும். கி.மு. 1950 வாக்கில் வாழ்ந்தவர். இறந்துபோன ஒருவரின் ஈமக்கடன் பூசாரி, கூடவே நிலம் வைத்துப் பயிர் செய்தவர். வெளியூர் போன இடத்திலிருந்து வீட்டாருக்கு பாப்பிரஸில் எழுதி அனுப்பியவை, தீப்ஸ் மலைக் கல்லறை ஒன்றில் 1920களின் தொடக்கத்தில் கிடைத்தன. வெள்ளம் போதாத வருஷம். தாய்க்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு, வேலைக்காரிக்கு இவ்வளவு என்று தானியப் படியைப் பெயர் பெயராகக் குறைத்து எழுதுகிறார். நாடே பட்டினி கிடக்கும்போது உங்களுக்கு இதாவது கிடைக்கிறதே, முணுமுணுக்காதீர்கள் என்று அதட்டுகிறார். அரச கல்வெட்டு எதிலும் இல்லாத எகிப்து அதில் இருக்கிறது. நதி ஒரு முழம் குறைந்தால் யார் தட்டில் எவ்வளவு குறையும் என்று ஒரு குடும்பத் தலைவர் உட்கார்ந்து கணக்குப் போடும் எகிப்து.

அளவு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் பாதி அரசு இருந்தது. மதம் மாறியபோது சண்டை வந்ததும் அங்கேதான். அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயிலில் நைல் அளவுகோல் ஒன்று இருந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைக் கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு மாற்றச் சொன்னார். செராபிஸ் கோபித்துக்கொள்வார், இனி நைல் ஏறாது என்று பழைய சமயத்தார் சொன்னார்கள். அந்த வருஷமும் நைல் ஏறியது. பிறகு வந்த ஜூலியன் பழைய தெய்வங்களை மீட்க நினைத்து, அளவுகோலை மறுபடி கோயிலுக்கே எடுத்துப்போக வைத்தார். அரபியர் ஆட்சியிலும் அளவு பார்க்கும் வேலை நெடுநாள் காப்டிக் கிறிஸ்தவர்களிடமே இருந்தது. ரோடாவில் புதிய மிக்யாஸ் கட்டியபோதுதான் அல்-முதவக்கில் அதை அவர்களிடமிருந்து எடுத்து, பாஸ்ராவிலிருந்து வந்திருந்த அபுல் ரத்தாத் என்ற முஸ்லிமிடம் கொடுத்தார். சம்பளம் மாதம் 7 தினார். அந்த வேலை அவர் வம்சத்திலேயே பல நூற்றாண்டு தொடர்ந்தது. கொடுத்த கலீஃபாவின் பெயர் அந்த அளவுக்கு நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எகிப்தைத் தன் கைக்குள் கொண்டுவந்த இப்னு துலூன் மிக்யாஸைப் பழுதுபார்த்தபோது, கல்வெட்டிலிருந்து அல்-முதவக்கிலின் பெயரை எடுத்துவிட்டார் என்று கட்டடக்கலை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தண்ணீரையும் பயிரையும் பற்றிய குர்ஆன் வசனங்களை மட்டும் யாரும் தொடவில்லை.

இந்த வரலாற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஓர் உத்தரவு. 969இல் எகிப்தைப் பிடித்து, கெய்ரோவை உண்டாக்கியவர்கள் ஃபாத்திமியர். அவர்களின் கலீஃபா அல்-முயிஸ், 16 முழம் நிறையும்வரை நைலின் ஏற்றத்தைத் தெருவில் அறிவிக்கக்கூடாது என்று தடை போட்டார். அளவு பார்ப்பவர் அதை எழுதிக் கலீஃபாவுக்கும் அவருடைய தளபதி ஜவ்ஹருக்கும் மட்டும் அனுப்பவேண்டும். நானூறு வருஷத்துக்கும் மேல் கழித்து இதை எழுதிய வரலாற்றாசிரியர் மக்ரீஸி காரணத்தையும் சொல்லி, நல்ல ஏற்பாடு என்று பாராட்டுகிறார். ஏற்றம் இரண்டு நாள் நின்றால் ஊர் கலங்கும், கையில் காசு உள்ளவன் தானியத்தை வாங்கிப் பூட்டுவான், வைத்திருப்பவன் விற்க மறுப்பான், வெள்ளம் பொய்க்கும் முன்பே விலை ஏறிவிடும். எண்ணை மறைத்தால் பதுக்கலைத் தடுக்கலாம்.

காரணம் உண்மைதான். எண் வெளியே போனதும் கடைத்தெரு எப்படி மாறும் என்று தண்ணீர்க் கணக்கு எழுதிய எவருக்கும் தெரியும். ஆனாலும் மக்ரீஸியோடு நான் ஒத்துப்போகவில்லை. மறைக்கப்பட்ட அளவு ஒரு பருவத்துக்கு விலையைப் பிடித்து நிறுத்தலாம். அடுத்த பருவத்தில் அறிவிக்கும் அளவையும் ஊர் நம்பாது. நம்பிக்கை போன பிறகு மெய்யான 16 முழத்தைச் சொன்னாலும், சொல்லாமல் விட்டதாகத்தான் அர்த்தம். பின்னாளில் எகிப்தில் நடந்தது அதுதான்.

தடை நிலைக்கவில்லை. எழுபது, எண்பது வருஷத்துக்குப் பின் கெய்ரோவுக்கு வந்த பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, நகரத்தில் தினமும் இத்தனை விரல் ஏறியது என்று கூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். வாய்க்கால் திறப்பு விழாவையும் பார்த்திருக்கிறார். கெய்ரோவுக்குள் ஓடும் கலீஜ் வாய்க்காலின் வாயில் மண் அணை போட்டு வைத்திருப்பார்கள். நைல் நிறைந்த நாளில் கலீஃபா அல்-முஸ்தன்சிர் ஆயிரக்கணக்கான குதிரை வீரர் புடைசூழ வந்து, கையிலிருந்த ஈட்டியை அணைமேல் எறிந்தார். ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் பாய்ந்து உடைக்க, தண்ணீர் உள்ளே புகுந்தது. முதல் படகில் காது கேளாத, வாய் பேசாத மனிதர்களை ஏற்றி விட்டார்கள். அது நல்ல சகுனமாம், அவர்களுக்கு அரசர் காசு கொடுத்தாராம்.

அதே முஸ்தன்சிர் காலத்தில்தான், 1065இலிருந்து ஏழு வருஷம், நைல் மறுபடி மறுபடி ஏமாற்றியது. சம்பள பாக்கி கேட்ட துருக்கியப் படையினர் அரண்மனைக் கருவூலத்தையும் நூலகத்தையும் சூறையாடினார்கள். ஈட்டி எறிந்த கலீஃபா சாப்பாட்டுக்கே பிறர் கையை எதிர்பார்த்தார். ஆறு குறைந்தது பாதிக் காரணம். படைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு வாய்க்காலையும் கரையையும் பார்க்க ஆளில்லாமல் விட்டது மீதிப் பாதி. 1200இல் வந்த பஞ்சம் வேறு மாதிரி. அந்த வருஷம் ரோடாவில் ஏறியது 12 முழம் 21 விரல்தான். அப்போது கெய்ரோவில் இருந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்-பாக்தாதி கண்ணால் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். மனிதர் மனிதரைத் தின்றது உட்பட. அந்தப் பக்கங்களைப் படித்தபிறகு 16 என்ற எண்ணை வெறும் எண்ணாக என்னால் பார்க்க முடிவதில்லை.

நதியைக் கட்டிவிடலாம் என்று ஒருவர் நினைத்ததும் உண்டு. பாஸ்ராவின் கணித அறிஞர் இப்னுல் ஹைதம், நைலை ஒழுங்குபடுத்த வழி இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு, ஃபாத்திமியக் கலீஃபா அல்-ஹாகிம் அவரை வரவழைத்தார். ஆட்களோடு அவர் அஸ்வான் பக்கத்துப் பாறை அருவிகள்வரை போனார். போகிற வழியெல்லாம் பழைய எகிப்தியரின் கோயில்களைப் பார்த்துக்கொண்டே போனார். இதையெல்லாம் கட்டத் தெரிந்தவர்களுக்கு நைலைக் கட்டமுடியும் என்றால் கட்டாமல் விட்டிருப்பார்களா என்று தோன்றிவிட்டது. திரும்பி வந்து, கலீஃபாவுக்குப் பயந்து பைத்தியம்போல் நடித்து, 1021இல் அல்-ஹாகிம் மறைந்த பிறகே தெளிந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒளியியலின் அடிப்படை நூலை எழுதியவர் அவர்தான்.

அரசர்கள் கதை இப்படிப் போக, வீடுகளில் நைலுக்கு வேறு கணக்கு இருந்தது. காப்டிக் நாள்காட்டியின் பவூனா மாதம் 11, அதாவது ஜூன் 17 இரவு, வானத்திலிருந்து ஒரு துளி விழுந்து நைலை ஏறவைக்கிறது என்பது நம்பிக்கை. இஸிஸ் தேவியின் கண்ணீரால் நைல் பெருகுகிறது என்று பழைய எகிப்தில் சொல்லியிருக்கிறார்கள். தேவி போன பிறகும் துளி நின்றது. அன்றிரவு வீட்டில் உள்ளவர்களின் தலைக்கு ஓர் உருண்டையாக மாவு பிசைந்து, அடையாளமிட்டு, மாடியில் வைப்பார்கள். விடிந்து பார்க்கும்போது எவருடைய உருண்டை வெடித்திருக்கிறதோ அவருக்கு நீண்ட ஆயுள். முஸ்லிம் வீடுகளிலும் இது நடந்தது. தொழுகைக்குப் பிறைக் கணக்கு, நதிக்குக் காப்டிக் கணக்கு என்று இரண்டையும் சண்டையில்லாமல் வைத்துக்கொண்டார்கள். பிறைக்கணக்கு பருவத்தோடு நிற்காது, உழவனுக்கு உதவாது என்பதால்.

1830களில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், நைல் அறிவிப்பாளரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வட்டாரத்துக்கு ஒருவர். காலையில் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். அவர் வீட்டுக்காரருக்கு ஆசி சொல்ல, பையன் எதிர்ப்பாட்டுப் பாடுவான். கடைசியில் நேற்றிரவு நதி இத்தனை விரல் ஏறியது என்பார். நிறைவு நாளில் வண்ணக் கொடிகளோடு சிறுவர் கூட்டமே வரும். பருவம் முடியும்போது வசதியான வீட்டுக்கு எலுமிச்சை, மற்ற வீட்டுக்கு உலர்ந்த நைல் வண்டல் கட்டி என்று கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். கேட்கவே இனிமையாக இருக்கிறது. ஆனால் லேன் இன்னொன்றும் எழுதுகிறார்: அறிவிப்பாளர் சொல்லும் விரல் கணக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. 16 முழம் நிறைந்தால்தான் நிலவரி முழுவதும் கேட்க உரிமை உண்டு என்பது பழைய சட்டம். அதனால் நிறையும் முன்பே நிறைந்தது என்று அரசு அறிவிக்கிறது என்பது ஊரார் நம்பிக்கை. அல்-முயிஸ் விலைக்குப் பயந்து மூடிய எண், எண்ணூறு வருஷத்துக்குப் பின் வரிக்காக ஊதிச் சொல்லப்பட்டது. மனிதர்கள் இரண்டு முறையும் ஏமாந்தது ஒரே தூணின் பெயரால்.

தூணிலும் ஒரு சிக்கல் இருந்தது. இது அளவு பார்த்தவர்களுக்குத்தான் உறைக்கும். நைல் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவருகிறது, ஆற்றுப்படுகையும் வயலும் நூற்றாண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் போல உயர்கின்றன. தூணின் பூஜ்யம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. 861இல் வயலை நனைத்த 16 முழம், சில நூற்றாண்டு கழித்து நனைக்காது. 18 வேண்டியிருக்கும், பிறகு அதற்கும் மேல். நாசிர் குஸ்ரோவே 18 முழம் என்றுதான் எழுதுகிறார். சட்டத்தில் 16 அப்படியே இருந்தது. ஆக, பொய்யே சொல்லாத நேர்மையான அதிகாரி இருந்தாலும்கூட, அந்த எண் உழவனுக்கு எதிராகவே சாய்ந்துகொண்டு போனது.

ஒரு காரியத்துக்கு அந்தப் பதிவுகள் ஈடில்லாதவை. ரோடா மிக்யாஸுக்கும் முந்தி, 622இலிருந்து இடைவெளிகளோடு தொடரும் நைல் கணக்குகளை ஹரால்ட் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் நீரியலாளர் எடுத்து ஆராய்ந்தார். 1906இல் எகிப்துக்கு வந்து வாழ்நாளெல்லாம் நைலோடு கழித்தவர். அபு நீல், நைலின் தந்தை என்று எகிப்தியர் அவரை அழைத்தார்கள். நல்ல வருஷமும் கெட்ட வருஷமும் தாயம் உருட்டியதுபோல் கலந்து வருவதில்லை, குறைவு வந்தால் தொடர்ந்து பல வருஷம் குறைவு வரும் என்று 1951இல் எண்களால் காட்டினார். ஒரு வருஷத்துத் தண்ணீரைத் தேக்கும் அணை போதாது, பல பத்தாண்டுகளுக்குத் தாங்கும் தேக்கம் வேண்டும் என்பது அதிலிருந்து வந்த முடிவு. அபுல் ரத்தாத் குடும்பம் எழுதிவைத்த விரல் கணக்கு இப்படி அணையின் கொள்ளளவாக மாறியது.

வெள்ளம் ஒரேயடியாக நிற்கவில்லை. எகிப்தை ஆண்ட முகமது அலியின் காலத்தில் பருத்திக்காகக் கோடையிலும் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட உழவர்களால். 1902இல் முதல் அஸ்வான் அணை முடிந்தது. கலீஃபா ஈட்டி எறிந்த கலீஜ் வாய்க்காலை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூடி அதன்மேல் டிராம் விட்டார்கள். இன்று அது போர் சயீத் தெரு. 1960 ஜனவரியில் அஸ்வானிலேயே உயர் அணைக்கு அடிக்கல். 1964 மே மாதம் நதி திருப்பப்பட்டது, 1970இல் வேலை முடிந்தது. எகிப்திய நூபியர் சுமார் 50,000 பேர் வீடுகளையும் பேரீச்சந்தோப்புகளையும் விட்டு கோம் ஓம்போ பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அபு சிம்பெல் கோயிலை வெட்டி எடுத்து மேலே வைக்க உலகமே காசு கொடுத்தது. அந்த மக்களின் ஊர்கள் நீருக்கடியில் போனதற்கு அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

அணையைத் திட்டுவதற்கு நான் தயாராக இல்லை. 1980களில் எத்தியோப்பியா பஞ்சத்தில் மடிந்தபோது, அதே மழையை நம்பியிருந்த எகிப்து பட்டினி கிடக்கவில்லை. உயர் அணையின் நாசர் ஏரியில் தேங்கியிருந்த தண்ணீர் 1988வரை இழுத்துப் பிடித்தது. 1200ஐப் படித்தவர்கள் அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார்கள். விலையும் கொடுத்தார்கள். ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கும் மேற்பட்ட வண்டல் ஏரிக்குள் நின்றுவிட, வயலுக்கு உரமூட்டை வந்தது. வெள்ளத்தின் சத்தைத் தின்ன முகத்துவாரத்துக்கு வந்த மத்திமீன், 1962இல் 18,000 டன் பிடிபட்டது, பத்தாண்டு முடிவதற்குள் சில நூறு டன்னாகிவிட்டது.

ஆனாலும் ஆகஸ்டில் நைல் நிறைவு நாள் எகிப்தில் இன்றும் கொண்டாடப்படுகிறது. காப்டிக் தேவாலயங்களில் ஜூனிலிருந்து அக்டோபர்வரை ஆற்றுநீர் உரிய அளவுக்கு ஏறவேண்டும் என்று பூசையில் வேண்டுகிறார்கள். அறுபது வருஷமாக ஏறாத நதிக்கு.

இப்போது அளவு எத்தியோப்பியாவில் இருக்கிறது. எகிப்துக்கு வரும் தண்ணீரில் ஏறத்தாழ 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளில் பிறக்கிறது. 1959இல் எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5 பில்லியன் கனமீட்டர் என்று பங்கு போட்ட ஒப்பந்தத்தில் எத்தியோப்பியாவுக்கு ஒரு துளியும் இல்லை, பேசவும் அழைக்கவில்லை. நீல நைலில் 74 பில்லியன் கனமீட்டர் கொள்ளும் அணையை எத்தியோப்பியா கட்டி, 2020இல் நிரப்பத் தொடங்கி, 2025 செப்டம்பரில் திறந்துவைத்தது. மின்சாரம் இல்லாத மக்கள் கோடிக்கணக்கில் உள்ள நாடு அது. கட்டியதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. எகிப்தின் நெடுநாள் கோரிக்கை, வறட்சி வருஷத்தில் எவ்வளவு விடுவீர்கள், அணையை எப்படி இயக்குவீர்கள் என்பதை சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக எழுதவேண்டும் என்பது. அணை திறந்த சில வாரங்களில் சூடானில் வெள்ளம் வந்தது, எகிப்தில் நைல் டெல்டாவின் மெனூஃபியா பகுதியில் ஆற்றோரத் தாழ்நிலங்கள் மூழ்கின. முன்கூட்டிச் சொல்லாமல் தாறுமாறாகத் திறந்துவிட்டார்கள் என்றது கெய்ரோ. அணை இல்லாவிட்டால் வெள்ளம் இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்றது அடிஸ் அபாபா. யார் சொன்னது சரி என்று மெனூஃபியா உழவர் சரிபார்க்க, இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட தினசரி அளவு ஒன்றுகூட அவர் கையில் இல்லை. பங்கீட்டுச் சண்டை தீர வருஷங்கள் ஆகட்டும். அணைக்கு மேலும் கீழும் உள்ள மட்டத்தையும், திறந்த கனமீட்டரையும் தினமும் மூன்று நாட்டு மக்களுக்கும் வெளியிட, ஒரு பங்கீடும் முடிவாகவேண்டியதில்லை. அந்த வேலையை நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம்.